எஞ்சின் வேலையா, வேறு எஞ்சினா?

கோடை தொடங்கிவிட்டால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் லாரிகளுக்கு ஓய்வில்லை. கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு அடுக்குமாடிகளுக்கு நடை மேல் நடை அடிக்கின்றன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது புறநகரைத் தாங்கியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இவற்றில் பல, வெளியூர் லோடு ஓடிக் களைத்தபின் டேங்க் ஏற்றப்பட்ட பழைய வண்டிகள். அப்படி ஒரு வண்டி மேடேறும்போது இழுவை குறைந்து, புகை தள்ளி, ஆயில் குடிக்க ஆரம்பித்ததும் உரிமையாளருக்குத் தூக்கம் போகிறது. இருக்கிற எஞ்சினுக்கே வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் ஏற்றுவதா?

பட்டறைக்குப் பட்டறை பதில் மாறும். லேத்காரருக்கு வேலை பார்ப்பதில் வருமானம், எஞ்சின் விற்பவருக்கு மாற்றுவதில் வருமானம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வண்டிக்கு இன்னும் எத்தனை வருஷ ஓட்டம் மிச்சம் என்ற இரண்டு விவரமும் கையில் இல்லாமலே பலர் முடிவெடுக்கிறார்கள். முதலாவதை அளந்து பார்க்க வேண்டும், இரண்டாவதைக் கணக்குப் போட வேண்டும்.

புகையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், நாசில், பம்ப் என்று பெரும்பாலும் வெளியிலேயே முடிகிற வேலை. புகையில் நீலம் கலந்தால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு, டர்போ சீல் என எந்த வழியாகவும் அது இறங்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால், தண்ணீர் உள்ளே போகிறதா, நாசில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்கும் முன் ஒன்று செய்வார். எஞ்சினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயின் மேல் வைப்பார். மூடி லேசாக ஆடினால் பயமில்லை. துள்ளி விழுந்து, டிப்ஸ்டிக் குழாயிலும் ஆவி அடித்தால், "பேக் கம்ப்ரஷன் இருக்குண்ணே" என்பார்; சிலிண்டர் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று பொருள். அடுத்து ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வோ, ஹெட் கேஸ்கட்டோ, ஓர் உடைந்த ரிங்கோ. எல்லாவற்றிலும் ஒரே சீராகக் குறைந்தால் போர் தேய்ந்துவிட்டது.

கிலோமீட்டர் கணக்கைக் காட்டி "வண்டி அதிகம் ஓடலையே" என்று வாதாடுவதில் பயனில்லை. தண்ணீர் லாரி ஓடுவது குறுகிய தூரம். ஆனால் கிணற்றடியில் வரிசையில் நிற்கும்போதும், எஞ்சினிலிருந்தே பம்ப் ஓட்டி மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போதும், வேளச்சேரி சாலை நெரிசலில் ஊரும்போதும் பிஸ்டன் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. மீட்டர் அதைக் காட்டாது. மணிக்கணக்குதான் இங்கே வயது.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் ஓரத்தை நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படும். மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம் என்பதால் உண்டாகும் படி அது. நகம் சொல்வது சந்தேகத்தை மட்டும்தான். உறுதி செய்ய போர் கேஜ் வேண்டும். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து, கம்பெனி மேனுவலில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான கனரக எஞ்சின்களில் தேய்வது லைனர்தான், பிளாக் அல்ல. லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி மறுபடி ஓட்டலாம் என்று கணக்கிட்டே அவை செய்யப்படுகின்றன. கிராங்கையும் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கிரைண்ட் செய்து, அதற்கேற்ற தடிமனில் பேரிங் போடலாம். கடைசிப் படியும் கடந்திருந்தால் கிராங்கே புதிது வேண்டும்.

எண்ணூரில் அசோக் லேலண்ட், செம்பியத்தில் சிம்சன், இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ் என்று வளர்ந்த ஊர் சென்னை. பழைய மாடலுக்கும் பிஸ்டன் செட்டோ பேரிங்கோ தேடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்வந்தால் போதும். உதிரி கிடைக்காத ஊரில் பழைய எஞ்சினைத் தலைமுழுகுவதற்கு இருக்கும் நியாயம் இங்கே அவ்வளவாக இல்லை.

ஆனால் எஞ்சின் வேலை என்ற பெயரில் நடக்கும் அரைகுறை வேலைதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. "இப்போதைக்கு ரிங் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று உரிமையாளர் கேட்பார். நீள்வட்டமாகத் தேய்ந்த போரில் வட்டமான புது ரிங் எப்படிப் பொருந்தும்? சில மாதத்தில் ஆயில் மறுபடி குறையும். ஹெட் கேஸ்கட்டும் கூலியும் வண்டி நின்ற நாட்களும் இரட்டைச் செலவு. காரணத்தைத் தேடாமல் விளைவை மட்டும் சரிசெய்வதும் அப்படித்தான். இந்த வட்டாரத்தில் அடிக்கடி காணும் காரணம் ரேடியேட்டர். பின்னால் 12,000 லிட்டர் கிணற்றுத் தண்ணீர் இருக்கும்போது கூலன்ட் எதற்கு என்று டிரைவர் அதையே ஊற்றிவிடுகிறார். உப்பும் சுண்ணாம்பும் லைனரைச் சுற்றிப் படிந்து சூடு வெளியேறாமல் தடுக்கின்றன. ரேடியேட்டரையும் ஆயில் கூலரையும் சுத்தம் செய்யாமல் புது லைனர் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

வேறு எஞ்சினுக்குப் போக வேண்டிய கட்டமும் உண்டு. கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, பிளாக்கில் விரிசல் விழுந்து மெயின் பேரிங் வரிசை கோணியிருந்தாலோ, கிராங்கும் ஹெட்டும் ஒருசேரப் போயிருந்தாலோ பழையதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பழைய எஞ்சினைக் கொடுத்து, கம்பெனியே புதுப்பித்த எஞ்சினை வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. டாடா இதை புரோலைஃப் என்ற பெயரில் நடத்துகிறது. உத்தரவாதம் உண்டு, வண்டி நிற்கும் நாளும் குறைவு. புதுப்பேட்டை பழைய உதிரிக் கடைகளில் கழற்றி வைத்த எஞ்சின் விலை குறைவுதான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அதைப் பிரித்தால்தான் தெரியும். பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் இல்லாமல் வாங்கினால் திருட்டு எஞ்சின் வம்பு வீடு தேடி வரலாம்.

எஞ்சின் மாற்றினால் காகித வேலையும் உண்டு; எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எஞ்சின் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. முன் அனுமதி வாங்கி மாற்றுவது நேரான வழி. அனுமதியின்றி மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் முடியாத வண்டிக்கு பைனான்ஸ்காரரின் சம்மதக் கடிதமும் வாங்கி வைப்பது நல்லது. இதை விட்டுவிட்டால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கும்போதோ, விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கேட்கும்போதோ மாட்டிக்கொள்வீர்கள்.

இனி வண்டியின் மிச்ச ஆயுள். பத்து வருஷம் கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. அது 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தில்லி வட்டாரத்துக்கு இட்ட உத்தரவு, தமிழ்நாட்டுக்கு அல்ல. இங்கே தடை வயதால் வருவதில்லை, எஃப்.சி.யால் வருகிறது. எட்டு வருஷம் கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி.; 15 வருஷம் கடந்த கனரக வண்டிக்கு அந்தக் கட்டணத்தை 12,500 ரூபாய் என்று உயர்த்தி 2021இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது.

எனவே எஞ்சினைத் தொடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். தண்ணீர் லாரியில் எஞ்சினுக்கு முன்பே சேஸிஸ் போய்விடுவதுண்டு. டேங்க் உட்காரும் குறுக்குச் சட்டங்களில் சுத்தியலால் தட்டினால் துரு ஏடு ஏடாக உதிர்கிறதா? அப்படியானால் எவ்வளவு நல்ல எஞ்சினும் அந்த வண்டிக்கு வீண், விற்றுவிடுவதே மேல். சேஸிஸ் உறுதியாக இருந்தால் கணக்கு தெளிவாகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 3.5 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள், டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் கூடுதல் செலவு. வண்டி நாளுக்கு 3,000 ரூபாய் மிச்சம் தருமானால், பட்டறையில் 20 நாள் நிற்பதற்கு விலை 60,000. பட்டறை கொடுக்கும் எஸ்டிமேட்டில் இந்தத் தொகை இருக்காது. அதைச் சேர்த்த பிறகுதான் புதுப்பித்த எஞ்சினின் விலையோடு ஒப்பிட வேண்டும். பத்து வண்டி வைத்திருப்பவர் ஸ்பேர் எஞ்சின் ஒன்றைத் தயாராக வைத்து இரண்டே நாளில் மாற்றி ஓட்டிவிடுவார். ஒற்றை லாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் கோடை வரும்வரை இழுக்காமல், நடை குறைகிற ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை நிறுத்தி இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.