பயிற்சிப் பணியும் ஓர் ஒப்பந்தமே



நம் குடும்பங்களில் பொறியியல், அனிமேஷன், விஷுவல் கம்யூனிகேஷன் போன்ற படிப்புகளைப் பயிலும் பிள்ளைகள் பலர் வீடியோ கேம் துறையில் பணிபுரிய விரும்புகின்றனர். படிப்பின் இறுதியாண்டில் மூன்று மாதமோ ஆறு மாதமோ பெங்களூரு, ஹைதராபாத், புனே ஆகிய நகரங்களிலுள்ள நிறுவனங்களுக்கு, இன்டர்ன்ஷிப் எனப்படும் பயிற்சிப் பணிக்குச் செல்கின்றனர். இதனை வீட்டில் சொல்லும்போது அவர்களுக்கு இரண்டு விதமான பதில்களே கிடைக்கின்றன. "கேமா? அது வீண் வேலை, வேண்டாம்" என்பது ஒன்று. "சம்பளம் தருவார்களா? அப்படியானால் போய் வா" என்பது மற்றொன்று.

இவ்விரு பதில்களிலும் ஒரே குறை உள்ளது. என்ன வேலை, எத்தனை மாதம், என்ன ஊதியம், எழுதித் தந்த தாளில் என்ன உள்ளது என்று பெரியவர்கள் எவரும் கேட்பதில்லை. விளைவாக, இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் தம் வாழ்வின் முதல் ஒப்பந்தத்தில் தனியாகக் கையெழுத்திடுகின்றனர்.

எமக்கு அறிமுகமான மாணவர் ஒருவர் அவ்வாறு கையெழுத்திட்டவர். வெளியூரில் ஆறு மாதப் பயிற்சிப் பணி, ஊதியம் இல்லை. அறை வாடகைக்கும் உணவுக்கும் அவருடைய வாப்பா கடன் வாங்கி அனுப்பினார். ஆறு மாதமும் ஒரு விளையாட்டுக்குத் தேவையான கதவுகள், பீப்பாய்கள், நாற்காலிகள், விளக்குகள் ஆகியவற்றை முப்பரிமாண உருவங்களாகச் செய்து கொடுத்தார். முடிவில் இரண்டு வரியில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. அடுத்த நேர்காணலில், "நீங்கள் செய்தவற்றைக் காட்டுங்கள்" என்று கேட்டனர். காட்ட இயலவில்லை. முதல் நாளில் அவர் வாசிக்காமல் கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம் அதைத் தடுத்தது. விளையாட்டு வெளிவந்தபோது, அதன் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. "நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை" என்று மட்டும் அவர் எம்மிடம் கூறினார்.

இந்த ஒரு வாக்கியத்தை நாம் அனைவரும் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

துறையின் நிலை

இந்தியாவில் இத்துறை நேற்று முளைத்ததன்று. பெங்களூருவில் 1997-இல் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ் இந்நாட்டின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. 2019-இல் அதனை வெளிநாட்டு நிறுவனமான ராக்ஸ்டார் வாங்கித் தன் இந்தியக் கிளையுடன் இணைத்துக்கொண்டது. யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்திலும் பணியகங்களை அமைத்தன. இங்கு நடைபெறும் வேலையில் பெரும்பகுதி, வெளிநாட்டில் திட்டமிடப்படும் விளையாட்டுகளுக்கு உருவங்களும் காட்சிகளும் செய்து கொடுப்பதும், அவற்றிலுள்ள பிழைகளைக் கண்டறிந்து சொல்வதுமாகும். பிறருக்காகச் செய்யும் வேலை என்பதால் இரகசியக் காப்பு இங்கே கடுமையாக இருக்கும். அதில் நியாயமும் உண்டு. ஆனால், செய்த வேலையைக் காட்டியே அடுத்த வேலை பெற வேண்டிய துறையில், அதனால் அதிகம் இழப்பவர் மாணவரே.

சட்டத்தின் பாதுகாப்பும் இங்கு மெலிதாகவே உள்ளது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயிற்சிக்குச் சேர்ந்தால் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும், உதவித்தொகையும் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. ஆனால் கல்லூரிப் பாடத்தின் பகுதியாக மாணவர்கள் செல்லும் பயிற்சிப் பணிகளில் பெரும்பாலானவை இச்சட்டத்தின்கீழ் வருவதில்லை. அங்கே ஊதியம் தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரிட்டனில் உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்கு மேற்படாமல் பணியாற்றும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. பிரான்சிலோ இரண்டு மாதத்தைக் கடந்த மாணவர் பயிற்சிக்குக் கட்டாயமாகப் பணம் தர வேண்டும். இத்தனைக்கும் கேம் துறையில் இரு நாடுகளுமே முன்னணியில் உள்ளவை. மாணவருக்கு ஊதியம் தந்தால் தொழில் நசிந்துவிடும் என்ற வாதத்திற்குப் பிரான்சே பதில்.

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

ஆதரவற்றவராக மத்யன் வந்து சேர்ந்த மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அந்நிய ஊரில் கையில் ஏதுமின்றி நின்ற அவருக்கு வேலை தர முன்வந்த முதியவர், அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. காலம் எட்டு ஆண்டுகள் என்று முதலிலேயே வரையறுத்தார். அதைப் பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றார். அதற்கு ஈடாகத் தம் மகள்களில் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும், சிரமப்படுத்தும் எண்ணம் தமக்கு இல்லை என்றும் கூறினார். மூஸா (அலை) அவர்களும் வாய்மூடி நிற்கவில்லை. இரு தவணைகளில் எதனை நிறைவேற்றினாலும் அதற்குமேல் தம்மை வற்புறுத்தலாகாது என்று தம் தரப்பைச் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள்.

கூலிக்கு அமர்த்துவது பற்றிய மார்க்கச் சட்டத்தில் வேலை, காலம், கூலி மூன்றும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் வலியுறுத்தியுள்ளனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதும் நாம் அறிந்ததே. இத்தகைய மரபில் வந்த நாம், பிள்ளைகளின் முதல் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்காமல் இருப்பது பொருந்துமா?

கேட்க வேண்டிய மூன்று

முதலாவது, வேலை. என்ன செய்யப் போகிறோம், யார் கற்றுத்தருவார் என்பதை மாணவர் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். வழிகாட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் நடப்பது பயிற்சியன்று, கூலியில்லா உழைப்பு மட்டுமே. செய்யும் வேலையில் எதையேனும் பின்னர் காட்ட அனுமதி உண்டா, பெயர்ப் பட்டியலில் பெயர் வருமா என்பனவற்றையும் எழுத்தில் பெற வேண்டும்.

உருவாகும் பொருள் எது என்பதும் இக்கேள்வியில் அடங்கும். கேம் என்ற ஒரே சொல்லின்கீழ் சூதும் நடமாடியதை நாம் கண்டோம். பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியால் குடும்பங்கள் சிதைந்த பின்னரே தமிழ்நாடு 2022-இல் தடைச்சட்டம் இயற்றியது. அதில் ரம்மி, போக்கர் மீதான தடை செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்நிறுவனங்களை நம்பிச் சென்ற இளைஞர்கள் பலர் வேலையிழந்தனர்.

சட்டம் தடுக்காத இடங்களிலும் கவனம் தேவை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளுட்பட்ட சில விளையாட்டுகள் தன் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்துடன் மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. அதில் 24.5 கோடி டாலர், விளையாடுவோரை அவர்கள் எண்ணாத செலவில் சிக்கவைத்த பொத்தான் அமைப்புகளுக்காகத் திருப்பித் தர வேண்டிய தொகை. அத்தகைய பொத்தான்களையும் யாரோ ஒருவர் அமர்ந்து வரைகிறார். அந்த இருக்கையில் நம் பிள்ளை அமர நேர்ந்தால் என்ன செய்வது என்பதை, அமர்வதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

இதனால் துறை முழுவதையும் ஒதுக்கச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். 2023-இல் வெளியான அசாசின்ஸ் கிரீட் மிராஜ், ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தைக் களமாகக் கொண்டு, அந்நகரின் வரலாற்றைப் பயிலும் பகுதியையும் தந்தது. அதே ஆண்டு கனடாவிலிருந்து வந்த 'வெண்பா', புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சமையலின் வழியே காட்டியது. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. இக்கருவியால் நல்லதையும் சொல்ல முடியும். குறிப்பிட்ட ஒரு வேலை ஆகுமா, ஆகாதா என்பதை அதன் விவரத்தோடு ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. நாம் இங்கே ஃபத்வா கூற வரவில்லை.

இரண்டாவது, ஊதியம். வியர்வை உலருமுன் கூலி தர வேண்டும் என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஊதியமே இல்லையெனில், வாடகை, உணவு, பயணம் எல்லாம் சேர்த்து ஆறு மாதத்திற்கு எவ்வளவு ஆகும் என்று வீட்டில் கணக்கிட வேண்டும். அத்தொகைக்கு ஈடாக எதைக் கற்றுத் திரும்புவோம் என்பதையும் கேட்க வேண்டும். ஊதியமில்லாப் பணியை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே தாங்க முடியும். மற்றவர்களுக்கு அது கடனாகவே முடிகிறது.

மூன்றாவது, காலமும் நேரமும். இத்துறையில் வெளியீட்டு நாள் நெருங்கும்போது இரவு பகலாக வேலை வாங்கும் வழக்கம் நெடுநாளையது. 2004-இல் அமெரிக்காவில் ஓர் ஊழியரின் துணைவி, வாரத்தில் ஏழு நாளும் வேலை வாங்கப்படும் அவலத்தைப் பெயர் குறிப்பிடாமல் இணையத்தில் எழுதினார். மிகைநேர ஊதியம் கோரி ஊழியர்கள் தொடுத்த வழக்குகளுக்கு அந்நிறுவனம் பெருந்தொகை தந்து தீர்வு காண நேர்ந்தது. ஆகவே தினசரி நேரம், விடுமுறை, ஜும்ஆவுக்கான இடைவேளை ஆகியவற்றை முதல் நாளிலேயே மரியாதையுடன் கேட்பது நல்லது. முன்கூட்டியே கேட்பவரைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பின்னர் தொழுகைக்காக ஒளிந்து செல்வதே சங்கடத்தை வளர்க்கிறது.

கேட்டால் இடம் போய்விடுமே?

மாணவர்களின் இந்த அச்சம் பொய்யன்று. ஓர் இடத்திற்கு நூறு பேர் காத்திருக்கும்போது, கேள்வி கேட்பவரை விட்டுவிட்டு அடுத்தவரை அழைப்பது எளிது. துறையிலும் ஆட்குறைப்பு நடந்தவண்ணம் உள்ளது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் மட்டும் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அனுபவமுள்ளவர்களே வேலை தேடும் நாளில் மாணவர் எப்படித் துணிவார்? கேட்டதனாலேயே ஓரிடம் கைநழுவவும் கூடும் என்பதை நாம் மறைக்கவில்லை.

ஆனாலும் இரண்டைச் சொல்வோம். வேலை, காலம், கூலி ஆகியவற்றைச் சொல்ல மறுக்கும் இடம், சேர்ந்த பிறகும் அவற்றைச் சொல்லாது. மேலும், பிழைப்பின் கதவு ஒன்றே ஒன்று என்று நம்புவது நம் ஈமானுக்கு அழகன்று. பிளெண்டர், கோடோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2009 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் குளோபல் கேம் ஜாமில் எவரும் சேர்ந்து, சில நாட்களில் ஒரு சிறு விளையாட்டை உருவாக்கலாம். தாமே செய்து முடித்த சிறிய விளையாட்டு ஒன்று, காட்ட இயலாத ஆறு மாத உழைப்பைவிட நேர்காணலில் அதிகம் பேசும்.

நம் பொறுப்பு

கேட்கும் சுமையைப் பிள்ளைகள்மீது மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. நம் ஜமாஅத்துகள் பல, பிளஸ் டூ முடித்தோருக்கு வழிகாட்டி நிகழ்ச்சிகளையும் கல்வி உதவித்தொகைகளையும் சிறப்பாக நடத்துகின்றன. அத்துடன் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை, ஒப்பந்தத் தாள்களை வாசிப்பதற்கென்று ஒதுக்கலாம். ஊரில் ஒரு வழக்கறிஞர் இருப்பார். மென்பொருள் துறையில் இருப்பவர் ஒருவர் இருப்பார். ஆலிம் ஒருவர் இருப்பார். இம்மூவரும் அரைமணி நேரம் உடன் அமர்ந்தாலே அந்த மாணவர் தனியாகக் கையெழுத்திட மாட்டார். மகள்களுக்கு இது இன்னும் அவசியம். தெரியாத ஊர் என்ற அச்சத்தில் நாம் மறுத்துவிடும் பல வாய்ப்புகள், விசாரித்துப் பார்த்தால் அச்சம் தீரக்கூடியவையாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. நம் கடைகளிலும் நிறுவனங்களிலும் "முதலில் வேலை பழகட்டும்" என்று கூறி, மாதக்கணக்கில் கூலியின்றிப் பிள்ளைகளை நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லையா? பெங்களூருவிலுள்ள நிறுவனத்திடம் நாம் எதிர்பார்க்கும் நீதியை நம் கல்லாப்பெட்டியிலிருந்தே தொடங்குவோம். நம்மிடம் வரும் பிள்ளைக்கும் வேலை இது, காலம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று முதல் நாளிலேயே சொல்வோம்.

மத்யனின் முதியவர் நல்ல முதலாளியாக நடந்துகொண்டார். மூஸா (அலை) அவர்கள் நம்பிக்கைக்குரிய பணியாளராக நடந்துகொண்டார்கள். இருவருக்கும் இடையில் இருந்தது தெளிவாகப் பேசப்பட்ட சொல். அந்தத் தெளிவோடு நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லவும், அவர்களுடன் அமர்ந்து வாசிக்கும் பொறுமை நமக்கு வாய்க்கவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.