பேயை ஓட்டினால் வழக்கு முடிந்துவிடாது

கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் படம் எடுக்கத் துடிக்கும் தமிழ் இளைஞர்களிடம் கதை கேட்டால், பலரும் சொல்வது பேய்க்கதை. அந்தப் பேய்க்கதைக்குள் ஒரு கொலை. ஆளில்லாத வீடு, நான்கைந்து நண்பர்கள், ஓர் இரவு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கும் சத்தம். கடைசி இருபது நிமிடத்தில் செத்துப்போன பெண் யார், அவளைக் கொன்றது யார் என்று தெரிந்துவிடுகிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் மூத்த எழுத்தாளர்கள் நம்மிடையே உண்டு. இந்தத் தலையங்கம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அந்த இளைஞர்கள் கையில் எடுத்திருப்பது தமிழின் மிகப் பழைய, மிக வலிமையான கதைவடிவங்களுள் ஒன்று. அதைப் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறார்களே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

பணம்தான் முதல் காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறார்கள். அவர்களிலும் திரையரங்கு பக்கம் வருகிறவர்கள் முதலில் கோடம்பாக்கத்து நட்சத்திரப் படத்துக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். இந்தச் சந்தையை நம்பிப் பாட்டும் சண்டையும் வெளிநாட்டுப் படப்பிடிப்புமாக ஒரு படம் எடுத்தால் வீட்டை அடகு வைக்க வேண்டிவரும். பேய்க்கு நட்சத்திரம் தேவையில்லை. இருட்டு இலவசம். ஒலிப்பதிவாளர் கெட்டிக்காரராக இருந்தால் பாதிப் படத்தை அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். அதோடு ஒரு குற்றத்தைச் சேர்த்துவிட்டால், வெறும் அலறலில் சலித்துப்போகும் பார்வையாளரையும் ‘யார் செய்தது’ என்ற கேள்வி கடைசிவரை உட்காரவைக்கும். 2012இல் கார்த்திக் சுப்புராஜ் ‘பீட்சா’வில் செய்துகாட்டியது இதைத்தான். ஒரு டெலிவரிப் பையன், ஒரு பங்களா, ஒரு கைவிளக்கு. முக்கால்வாசிப் படம் நம்மை நடுங்கவைத்த பேய், வைரத் திருட்டை மறைக்கச் சொன்ன கதை என்று தெரியவரும்போது ஏமாந்ததாகத் தோன்றவில்லை, மலைத்துப்போனோம்.

குறை, படம் முடிகிற இடத்தில் இருக்கிறது. நம் சின்னப் படங்களிலும் தொலைக்காட்சிப் படங்களிலும் முக்கால் மணி நேரம் அந்தப் பெண்ணின் துயரத்தைக் கட்டி எழுப்புகிறார்கள். பிறகு ஒரு சாமியாரோ, மலாய் மந்திரவாதியான போமோவோ வருகிறார். எலுமிச்சம்பழம், வேப்பிலை, உடுக்கை. அலறிக்கொண்டு பேய் போய்விடுகிறது, வீட்டுக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். அவளைக் கொன்றவனைப் பேயே முன்காட்சியில் அடித்துப் போட்டிருக்கும். இல்லையென்றால் அவனைப் பற்றி எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள். ஊருக்கு இதில் பங்கில்லை. காவல் நிலையத்துக்கு, நிலச் சொந்தக்காரனுக்கு, பார்த்தும் வாய் திறக்காத அண்டை வீட்டுக்கு, எவருக்கும் பங்கில்லை. முறையிட வந்தவளை விரட்டிவிட்டு அதைத்தான் சுபமான முடிவு என்கிறோம்.

நம் மரபு இப்படிச் சொல்லவில்லை. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை பல வடிவங்களில் வழங்குகிறது, கரு ஒன்றுதான். கணவன் கையால் கொலையுண்டவள் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூர் வேளாளர் அவைக்கு முன் நிற்கிறாள். இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று வழக்குச் சொல்கிறாள். இவள் மனுஷியே இல்லை, பேய் என்று அவன் கதறுகிறான். அவை அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. அவனைக் காத்துவந்த கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று அவையோர் எழுபது பேரும் வாக்குக் கொடுக்கிறார்கள். அன்றிரவே அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். விடிந்ததும் எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டவர்கள் பயத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். திரைக்கதை எழுதுகிறவர்கள் அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். நீலி நினைத்திருந்தால் வழியிலேயே அவனை அடித்துக் கொன்றிருக்கலாம். அவள் அவைக்குப் போகிறாள். அவள் சொன்னது பொய், அவளுக்கு நேர்ந்தது மெய். இரண்டுக்கும் நடுவே அவை தடுமாறுகிறது. தடுமாறிய அவை கைகழுவிக்கொண்டு எழுந்து போகவில்லை, உயிரைக் கொடுத்தது. பேய், கொலை, நீதிமன்றம், பிணை, தீர்ப்பு, தீர்ப்புக்குப் பொறுப்பு. குற்றப்படமும் பேய்ப்படமும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிக் கிடக்கும் கதை உலகில் எத்தனை இருக்கும்?

அந்த மரபு கப்பலேறி இங்கேயும் வந்தது. பால்மரத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே மதுரை வீரனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் எழுந்தது. மதுரை வீரன் யார்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட ஒருவன். கொல்லப்பட்டவனைத் தெய்வமாக்கிக் கும்பிட்ட மக்கள் நாம். கொலை நடந்தது, அதை நாங்கள் மறக்கவில்லை என்று ஆண்டுக்கொரு முறை ஊர்கூடிச் சொல்வதுதான் அந்தத் திருவிழா. இந்தப் பின்னணியில் வளர்ந்த பார்வையாளருக்கு, பேயை ஓட்டிவிட்டு முடியும் படம் ஏன் உள்ளே இறங்குவதில்லை என்பது எளிதில் புரியும்.

இந்த மண்ணின் பேய்ப்படத்துக்கும் நமக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனம் மரியா மெனாடோவை வைத்து எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். மலாய்ப் பேய்ப்படம் என்ற வகையே அதன் வெற்றியில்தான் கால் ஊன்றியது. மறு ஆண்டே சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் ‘ஒராங் மின்யாக்’ எடுத்தார். உடலெங்கும் கறுப்பெண்ணெய் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தேடி வருபவன் பேயா, குற்றவாளியா என்ற குழப்பத்திலேயே நிற்கும் நாட்டார் நம்பிக்கை அது. அமானுஷ்யத்தையும் குற்றத்தையும் கலப்பதை நாம் இன்று ஹாலிவுட்டிலிருந்து கற்றுக்கொள்வதாக யாராவது சொன்னால், இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். அறுபதுகளின் கடைசியில் இங்கே தமிழில் வந்த ஒரு படத்தின் பெயரும் ‘ரத்தப் பேய்’தான்.

பிறகு நீண்ட இடைவெளி. எழுபதுகளுக்குப் பின் தணிக்கையின் கெடுபிடியில் பேய்ப்படம் அடங்கிப்போனது. 2004இல் ஷுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ வந்தபோதுதான் கதவு திறந்தது. தீமை தோற்க வேண்டும், மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு இன்றும் ஒவ்வொரு திரைக்கதையின் தலைக்கு மேலும் நிற்கிறது. பேயை ஓட்டும் முடிவு நம் படங்களில் இவ்வளவு சுலபமாக வந்து உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். டாயின் சயிட் இயக்கிய ‘டுக்குன்’ படத்துக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. 1993இல் பகாங்கில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கொலை செய்யப்பட்டார். பாடகியாக இருந்து போமோவாக மாறிய மோனா ஃபெண்டியும் கணவரும் உதவியாளரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி 2001 நவம்பரில் காஜாங் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கின் சாயலில் 2006இல் எடுத்த படம் திரைக்கு வர 2018 ஆனது. பன்னிரண்டு ஆண்டு! நாடு முழுக்க நாளிதழில் படித்த ஒரு குற்றம், திரையில் பேயோடு சேர்ந்து வரும்போது அவ்வளவு பேரைக் கலங்கடித்திருக்கிறது.

பணமில்லை என்ற சமாதானத்தையும் பார்த்துவிடலாம். அமீர் முகமது தொடங்கிய குமான் பிக்சர்ஸ் தயாரித்து எமிர் எஸ்வான் இயக்கிய ‘ரோ’, நான்கு லட்சம் வெள்ளிக்கும் குறைவான செலவில் ஒரு காடு, ஒரு குடிசை, விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்களோடு முடிந்த படம். ஆஸ்காருக்கு மலேசியாவின் சார்பில் போனது அதுதான். நம் பக்கத்தில் 2022இல் ஜே.கே. விக்கியின் ‘பூச்சாண்டி’ வந்தது. அமானுஷ்யக் கதைகளைத் தேடி மதுரையிலிருந்து வரும் நிருபர், பழைய நாணயத்தை வைத்து ஆவியோடு பேசிப் பார்க்கும் நண்பர்கள், அந்த நாணயத்தின் வழியே திறக்கும் பழந்தமிழ் வரலாறு. பேய்க்கு ஒரு கடந்தகாலம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற படம் அது. அந்தப் பிடிவாதத்துக்காகவே அதைக் கொண்டாட வேண்டும். எங்களுக்குள்ள ஒரே வருத்தம், அந்தக் கடந்தகாலம் மிகத் தொலைவில் இருக்கிறது. மன்னர் காலம்வரை போகாமலே, நம் அப்பா, தாத்தா நடந்த தெருவில் கிடக்கும் கொலைகள் போதும்.

1941ஐச் சொல்கிறோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் வேண்டாம் என்றும் கேட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதானார். மே மாதம் படை வந்து சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டார்கள். இன்று அந்தத் தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகள். சுபாங் ஜெயா எழுந்ததே சீஃபீல்ட் தோட்டத்தின் மீதுதான். இரவில் வீடமைப்புத் தெருவில் ஒருவன் சைக்கிளில் வருகிறான், யாரைக் கண்டும் இறங்க மறுக்கிறான். இந்த ஒரு படிமத்துக்கு எவ்வளவு செலவாகும்?

இன்னும் அருகே வருவோம். மெர்டேக்கா படப்பிடிப்புத் தளம் இருந்த, இன்று தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் இருக்கும் அதே உலு கிள்ளானில், 1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். காலியான மற்ற இரண்டு கட்டடங்களுக்கு இளைஞர்கள் பல ஆண்டு பேய் பார்க்கப் போனார்கள். 2013இல் அதை வைத்து மலாயில் ஒரு பேய்ப்படமும் வந்தது. அங்கே பேய் இருக்கிறதா என்று கேட்டவர்கள் கணக்கில்லை. மலைச்சரிவில் நீர் வடியும் வழியை யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று கேட்டது குடியிருந்தவர்கள் போட்ட வழக்கு மட்டும்தான். அந்த வழக்கு உச்சிவரை போய், நகராண்மைக் கழகத்துக்குச் சட்டத்தின் காப்பு உண்டு என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. நீலி கதையில் அவைக்குக் காப்பு இல்லை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். நாற்பத்தெட்டுப் பேரும் திரையில் வந்து நிற்பதாக ஒரு படம் எழுதினால், அவர்கள் பயமுறுத்த வேண்டியது கைப்பேசியோடு வந்த கல்லூரிப் பிள்ளைகளை அல்ல.

இதை எழுதும்போது குண்டர் கும்பல் கதைகளை விட்டுவிட முடியவில்லை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்றது. அதற்குப் பிறகு நம் படங்களில் கும்பலின் எண்ணைப் பச்சைகுத்திய கைகள் பெருகின. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ மட்டும்தான் அந்தக் கைக்குப் பின்னால் போய், தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புறம்போக்கில் ஒண்டிய குடும்பத்தையும், பள்ளியில் அடிவாங்கும் ஒரு சிறுவனையும் காட்டியது. அதில் பேய் கிடையாது. இருந்தாலும் பேய்க்கதை எழுதுகிற ஒவ்வொருவரும் அதை மீண்டும் பார்க்க வேண்டும் என்போம். குற்றம் எங்கிருந்து முளைக்கிறது என்று தெரியாமல், செத்தவன் ஏன் திரும்பி வருகிறான் என்று எழுத முடியாது. தடுப்புக்காவலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார்கள். இறந்தவன் நள்ளிரவில் அதே காவல் நிலையத்தின் முகப்பு மேசைக்கு வந்து, புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டால்? தணிக்கை விடுமா என்ற பயம் நியாயமானதே. ‘டுக்குன்’ பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தது, ஆனால் வந்தது.

பத்துமலை நம் படங்களில் பெரும்பாலும் ட்ரோன் காட்சியாக வந்துபோகிறது: பொன்னிற முருகன், 272 படிகள், ஒரு பாட்டு. மலையின் மறுபுறம் சுண்ணாம்புக்கல் வெட்டிய தழும்பும், அடிவாரத்துப் பழைய குடியிருப்பும், அங்கே நடந்ததைப் பார்த்த கிழவர்களும் கேமராவுக்கு ஐந்து நிமிட நடைத் தொலைவில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள்.

அடுத்த இதழிலிருந்து திரைக்கதைக்கென்று பக்கம் ஒதுக்குகிறோம். குறும்படமானாலும் முழுநீளப் படத்தின் சுருக்கமானாலும் சரி. பேய்க்குப் பெயர் இருக்கட்டும், எந்தத் தோட்டம் அல்லது எந்த அடுக்குமாடி, எந்த ஆண்டு என்று இருக்கட்டும். கடைசிக் காட்சியில் அது யார் முன்னால் போய் நிற்கிறது, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

— ஆசிரியர் குழு, பத்துமலை