தண்ணீர்ப் பந்தலும் இணையப் பாடமும்

கோடைக் காலத்தில் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் நாட்டின் பழைய அறங்களுள் ஒன்று. பானையை நிறுத்திக் குவளையைக் கட்டிவிட்டால் மட்டும் அவ்வறம் நிறைவு பெறுவதில்லை. நாள்தோறும் பானையைக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். இல்லையேல், தாகத்தோடு வருபவன் பாசி படிந்த நீரையன்றோ பருக நேரும்? ‘காசு வாங்கவில்லையே’ என்று கூறிப் பந்தல் வைத்தவர் தப்பித்துக்கொள்ள முடியுமா?

இக்காலத்தில் அறிவுக்கும் இத்தகைய பந்தல்கள் தோன்றியுள்ளன. இணையதளம் அமைக்கும் கலையைக் கட்டணமின்றிக் கற்றுத்தரும் பாடங்களை இன்று எவரும் இணையத்திலேயே படிக்கலாம். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு குவின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், அதற்கு ஓராண்டு முன்னர்த் தோன்றிய ஓடின் பிராஜெக்ட் ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. நுழைவுத் தேர்வு இல்லை; கல்விக் கட்டணமும் இல்லை. இத்தகைய பாடத்தைத் தொடங்குவது நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆனால், தொடங்கிய பாடத்தைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்து வருவது அதனினும் பெரிய பணி என்பதே என் கருத்து.

யார் பிழை?

சென்ற ஆண்டு விடுமுறையில், வேறோர் இலவச ஒளிக்காட்சிப் பாடத்தைக் கைப்பேசியில் பார்த்து, நண்பன் வீட்டுக் கணினியில் பயின்றேன். நாற்பது நாள் உழைப்பில் ஒரு சிறு இணையப் பக்கம் உருவாயிற்று. அதனை கிட்ஹப் என்னும் தளத்தில் ஏற்றுவதே கடைசிப் பாடம். ‘உங்கள் கடவுச்சொல்லைக் கொடுங்கள்’ என்றார் ஆசிரியர். கொடுத்தேன், தளம் ஏற்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றினேன், பயனில்லை. கணக்கையே புதிதாகத் தொடங்கினேன், அப்போதும் பயனில்லை. இரண்டு இரவுகள் இப்படிக் கழிந்தன. ‘நமக்கு இந்தக் கல்வி வராது’ என்று முடிவு செய்து பத்து நாள் கணினிப் பக்கமே போகவில்லை.

பின்னர், படித்து வேலையில் இருக்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் திரையில் இருந்த ஆங்கிலச் செய்தியை உரக்கப் படித்துக் காட்டினார். 2021 ஆகஸ்டு 13 முதல் அத்தளம் இவ்வேலைக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கன் என்னும் தனி அனுமதிக் குறியீடு வேண்டும். நான் பார்த்த பாடமோ அதற்கு முன்பு பதிவு செய்யப்பட்டது. ஐந்தே நிமிடத்தில் என் பக்கம் உலகுக்குத் தெரிந்தது.

காரணம் திரையிலேயே எழுதியிருக்க, நான் ஏன் அதைப் படிக்கவில்லை? ஆசிரியர் சொன்னது தவறாக இருக்கும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. புதிதாகக் கற்பவனின் இயல்பு இது. பாடம் பழையதாகிவிட்டால் அவன் பாடத்தைப் பழிப்பதில்லை, தன்னையே பழித்துக்கொள்கிறான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கோ அந்த ஐயம் முன்பே மனத்தில் குடியிருக்கிறது. பழைய பாடம் அதற்குச் சான்று கூறிவிடுகிறது!

பழமை மூன்று வகை

பாடங்கள் பழையனவாவது ஒரே வகையில் அன்று.

முதல் வகை வெளிப்படையாக முறிவது. மேலே நான் கூறியது இவ்வகையே. இணையதளத்தை இலவசமாக வைத்துக்கொள்ள ஹெரோகு என்னும் நிறுவனம் இடம் கொடுத்து வந்தது; எத்தனையோ பாடங்கள் அதனையே நம்பியிருந்தன. 2022 நவம்பர் 28 முதல் அவ்விலவசம் நின்றது. ‘இலவசமாக ஏற்றலாம்’ என்று எழுதியிருந்த பாடங்கள் எல்லாம் ஒரே நாளில் பொய்யாயின.

இரண்டாம் வகை மறைவாகக் கெடுவது. இதுவே மிகவும் தீங்கானது. எச்.டி.எம்.எல். என்பது இணையப் பக்கத்தை எழுதும் குறிமொழி. அதில் எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்ற ‘ஃபாண்ட்’ என்றும், நடுவில் நிறுத்த ‘சென்டர்’ என்றும் குறிகள் இருந்தன. இவற்றைத் தவிர்த்து, அழகுபடுத்தும் வேலையை சி.எஸ்.எஸ். என்னும் தனி மொழிக்கு விட்டுவிடுமாறு 1997ஆம் ஆண்டே எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு கூறிவிட்டது. ஆயினும், அக்குறிகளை இன்று எழுதினாலும் உலாவிகள் பணிவோடு காட்டுகின்றன. பழைய பக்கங்களைக் கைவிடாமை இணையத்தின் பெருந்தன்மை. டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் வெளியிட்ட முதல் தளத்தின் பக்கங்களை இன்றைய உலாவியிலும் படிக்கலாம். ஆனால், அப்பெருந்தன்மையே மாணவனை ஏமாற்றிவிடுகிறது. திரையில் சரியாகத் தெரிவதால் ‘சரி’ என்றே நம்புகிறான். தான் கற்றது வழக்கொழிந்தது என்பதை வேலைக்கான நேர்முகத் தேர்வில்தான் அறிகிறான்!

மூன்றாம் வகை நாகரிகம் போல் மாறுவது. 2013இல் வெளிவந்த ரியாக்ட் என்னும் கருவியில் எழுதும் முறை 2019இல் பெரிதும் மாறியது. அதில் புதிய திட்டம் தொடங்குவதற்கென்றே இருந்த கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற துணைக்கருவியை 2025இல் அதன் ஆசிரியர்களே கைவிடச் சொன்னார்கள்.

முதல் வகையை உடனே திருத்த வேண்டும். இரண்டாம் வகையைத் தேடிப்பிடித்து நீக்க வேண்டும். மூன்றாம் வகையின் பின்னால் ஓடாமல் இருக்க வேண்டும். புதுப்பித்தல் என்பது புதியதை மேலே மேலே அடுக்குவதன்று. தலைப்பு, பத்தி, இணைப்பு, படிவம் ஆகியவற்றை முறையாக எழுதுவது. பார்வையற்றோரின் வாசிப்புக் கருவிக்கும் விளங்கும்படி படத்துக்கு விளக்கம் தருவது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அடிப்படை. பிழைச் செய்தியைப் படிக்கும் பழக்கம் ஆகியவையே தொடக்கப் பாடத்தின் அடித்தளம். கருவிகள் பின்னால் வரட்டும்.

மறுப்பும் விடையும்

‘தேடித் தெரிந்துகொள்வதும் ஒரு பயிற்சிதானே?’ என்பர் சிலர். உண்மைதான், ஆனால், பிழை எங்கே இருக்கிறது என்று ஓரளவு அறிந்தவன்தான் தேட முடியும். ‘செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஆயிற்று’ என்பர் வேறு சிலர். அதனிடம் என்ன கேட்பது என்பதற்கும் அடிப்படை வேண்டும். அதுவும் பழைய பக்கங்களைப் படித்து வளர்ந்ததுதானே! ‘ஊதியமின்றி உழைப்பவர்களை எப்படிக் கட்டாயப்படுத்துவது?’ என்பது மூன்றாவது கேள்வி. இது நியாயமானது. எனவே, எளிதில் செய்யக்கூடியவற்றையே கூறுகிறேன்.

ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியைக் குறிக்கலாம். அடிக்கடி மாறும் செய்திகளை ஒளிக்காட்சியில் வைக்காமல் எழுத்தில் வைக்கலாம். எழுத்தில் ஒரு வரியைத் திருத்துவது எளிது, காட்சியை மீண்டும் படம்பிடிப்பது அரிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றும் அறியாத ஒருவரை அமர்த்தி, முதலிலிருந்து கடைசி வரை செய்யச் சொல்லி, அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். வல்லுநர் கண்ணுக்குத் தெரியாத கல் புதியவர் காலில் இடறும். மேலும், பாதி வழி வந்தவர்களின் காலடி மண்ணைப் பறிக்கலாகாது. 2022இல் தன் முதற்பாடத்தைப் புதிதாக எழுதிய ஃப்ரீகோட்கேம்ப், பழையதை உடனே அகற்றிவிடாமல், பழையது என்று அடையாளமிட்டுத் தனியே வைத்தது. பின்பற்றத்தக்க முறை அது.

நம் பங்கு

தண்ணீர்ப் பந்தலில் குடித்துவிட்டுப் போகும் நமக்கும் கடமை உண்டு. மேலே கூறிய இரு பாடங்களும் திறந்த நூல்கள். பிழை கண்டவர் எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். எனக்கு உதவிய அண்ணனின் சொற்படி, நான் படித்த பாடத்தின் ஆசிரியருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் நன்றி கூறி, பாடத்தின் கீழே திருத்தக் குறிப்பையும் சேர்த்திருந்தார். அவர் அலட்சியக்காரர் அல்லர். அதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னைப் போலவே எத்தனை பேர் தம்மைத் தாமே நொந்துகொண்டு வாய் திறவாமல் போனார்களோ!

நண்பர்களே, அடுத்து வருபவனுக்கு அந்த இரண்டு இரவுகள் வேண்டாம். பந்தல் வைத்தவர் பானையைக் கழுவட்டும். பாசி கண்ட நாம் குரல் கொடுப்போம்!