விளையாட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு கொள்முதல்தான்



பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிற பொருள் மாறிவிட்டது. ஒரு காலத்தில் சைக்கிள் கேட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள், செல்போன். இப்போது "கேமிங் கம்ப்யூட்டர்" வேண்டும் என்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "படிப்பு கெட்டுப் போகும், அந்தப் பேச்சே வேண்டாம்" என்று வாயை அடைக்கிறோம். அல்லது பிள்ளையின் மனம் கோணக் கூடாதென்று, கலர் விளக்கு மின்னுகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றை, கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துத் தூக்கி வருகிறோம். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. ஒரு மூட்டை துவரம் பருப்பைக்கூட குத்தூசி போட்டுப் பார்க்காமல் இறக்காத நாம், அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கை மேல் அட்டையைப் பார்த்து வாங்கலாமா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுகிறேன். கேமிங் என்றதும் பணம் கட்டி ஆடுகிற ரம்மி நினைவுக்கு வந்து பெரியவர்கள் பதறுகிறார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. பிள்ளைகள் கேட்பது அதுவல்ல. கால்பந்து, கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை, கட்டடம் கட்டுதல் போன்ற விளையாட்டுகள். எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதை அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். நான் பேச வந்தது கொள்முதலைப் பற்றி.

கம்ப்யூட்டர் என்பது ஒரே பொருள் அல்ல. பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., இவற்றை அடைக்கும் கேபினட் என ஏழு சரக்குகள் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி ரகம், தனி வாரன்டி. மளிகைச் சிட்டை போலத் தனித்தனியாக விலை போட்டு வாங்கினால் எதில் எவ்வளவு போகிறது என்பது தெரியும். மொத்தமாக "செட்" என்று வாங்கினால் தெரியாது. தெரியாத இடத்தில்தான் மட்டச் சரக்கு உள்ளே போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உதாரணமாக "ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், கேமிங் செட்" என்று மலிவாக ஒன்று வைத்திருப்பார்கள். ஐ7 என்பது உயர்ந்த ரகம்தானே என்று நினைப்போம். எந்த வருட ஐ7 என்று கேட்க வேண்டும். 2012-ல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை 3770-ம் ஐ7தான். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியதைப் புதுப் பெட்டியில் பூட்டி விற்கிறார்கள். பத்து வருடம் பின்னால் வந்த ஐ3 12100 இதைவிட வேகமாக ஓடும். அது மட்டுமல்ல, விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்து போனது. அந்தப் பழைய ஐ7-க்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எப்படியோ ஏற்றிக் கொடுத்தாலும், பிள்ளைகள் அதிகம் ஆடுகிற வாலரண்ட், விண்டோஸ் 11-ல் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாவிட்டால் திறக்க மறுக்கும். பணமும் போய் ஆட்டமும் ஓடாது. போன அரிசியை இந்த வருடச் சாக்கில் கட்டுவது போன்ற வியாபாரம் இது.

ஆகவே கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த விளையாட்டு?" என்பதுதான். வாலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராப்ட் என்றால் பெரிய செலவு தேவையில்லை. முதல் இரண்டும் இலவசமாகவே கிடைப்பவை. ரைசன் 5 5600ஜி போல, படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்த பிராசஸர் ஒன்றை வாங்கினால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே இவற்றை ஆடலாம். ஒரு வருடம் கழித்துக் கையில் பணம் இருக்கும்போது கார்டைச் சேர்த்துக் கொள்ளலாம். முதலை ஒரே நாளில் முடக்காமல் இரண்டு தவணையாகப் போடுகிற இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் ஒரு எழுத்து விஷயம் உண்டு. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" என்று இருந்தால் உள்ளே படம் காட்டும் வசதி கிடையாது. கார்டு போட்டே ஆக வேண்டும். ஏ.எம்.டி. 5600-ம் அப்படியே, "ஜி" சேர்ந்த 5600ஜியில்தான் அது உண்டு. எஃப் கொஞ்சம் விலை குறைவு என்று கார்டு இல்லாமல் வாங்கி வந்தால் திரையில் ஒன்றும் தெரியாது.

பெரிய விளையாட்டுகள் வேண்டும் என்றால் பணம் போக வேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. திரை தவிர அறுபதாயிரம் என்று வைத்தால் அதில் பத்தில் நாலு பங்கு கார்டுக்கே போகலாம். ரைசன் 5 5600, ஐ5 12400எஃப் போன்ற ஆறு கோர் பிராசஸர் போதும். விலை உயர்ந்த பிராசஸரை வாங்கி மட்டமான கார்டைப் போடுவதுதான் "செட்" வியாபாரத்தில் நடக்கிறது. ஐ7 என்கிற பெயர் விற்கிறது, கார்டின் பெயர் யாருக்கும் புரிவதில்லை.

அந்தக் கார்டின் பெயரில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ரகம் விற்பது நம் தொழிலில் கலப்படம். அங்கே அது கம்பெனியே செய்கிற வழக்கம். 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 எட்டு ஜி.பி. கார்டில் 2560 கோர்கள் இருந்தன. 2024-ல் அதே 3050 என்ற பெயரில் வந்த ஆறு ஜி.பி. கார்டில் 2304 கோர்கள். நினைவகத்துக்குப் போகும் பாதையும் குறுகல். இதற்கு முன் 2016-ல் ஜி.டி.எக்ஸ். 1060-ஐயும் மூன்று ஜி.பி., ஆறு ஜி.பி. என இரண்டாக விற்றார்கள். அங்கும் வித்தியாசம் ஜி.பி.யில் மட்டும் இல்லை. ஜி.டி. 1030-ல் மெதுவான டி.டி.ஆர்.4 போட்டு ஒன்று, வேகமான ஜி.டி.டி.ஆர்.5 போட்டு ஒன்று. அட்டையில் பெரிய எழுத்து ஒன்றுதான். "3050 எவ்வளவு?" என்று கேட்பவர் ஏமாறுவார். "3050 எட்டு ஜி.பி.யா, ஆறா? பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்பவரிடம் கடைக்காரர் நிதானமாகப் பேசுவார்.

இதைவிட மோசம் அசல் போலி. பத்து வருடத்துக்கு மேல் பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி, 1050 டி.ஐ. என்று பெயர் காட்டும்படி செய்து விற்ற சரக்குகள் உலகமெங்கும் நடமாடின. பப்பாளி விதையை மிளகு என்று விற்பதற்கு இது அண்ணன். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இவற்றில் பலவற்றைப் போலி என்று காட்டிக் கொடுக்கும். கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

செகண்ட் ஹாண்ட் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கார்டு கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் அதன் பிறகு சந்தையில் குவிந்தன. ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டு கெட்டது ஆகிவிடாது. அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டி, வாரன்டி மிச்சமிருப்பதை சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்தால் வாங்கலாம். ஓட்டிக் காட்ட முடியாது என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். மிச்சம் பிடிப்பதாக நினைத்து எல்லோரும் கை வைப்பது இதில்தான். நான் கண்டிப்பாக வேண்டாம் என்பதும் இதில்தான். கேபினட்டோடு இலவசமாக வரும், பெயர் தெரியாத 450 வாட்ஸ் பெட்டி, எழுதியிருக்கும் அளவைத் தொடர்ந்து தரும் என்று நம்ப முடியாது. கெட்டுப் போகும்போது தான் மட்டும் போகாமல் கார்டையும் மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகக் கூடும். லாரியில் அச்சு மட்டமாக இருந்தால் மேலே ஏற்றிய சரக்குக்கு யார் பொறுப்பு? 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதை வாங்குங்கள். ஆனால் அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டும் சொல்வது (பாதிச் சுமையில் 85 சதவீதம்). தரத்துக்கு முழு ஜாமீன் அல்ல. ஆகவே பெயர் பெற்ற கம்பெனி, நீண்ட வாரன்டி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் 850 வாட்ஸ் வேண்டும் என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு. ஆர்.எக்ஸ். 6600, ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற கார்டுகளுக்கு நல்ல 550 வாட்ஸ் தாராளம். நம் ஊர் மின்சாரத்துக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

ராம் விலை இப்போது சின்ன வெங்காயம் மாதிரி. 2025 கடைசி மாதங்களில் கிடுகிடுவென ஏறியது. காரணம் நமக்குப் புரியக் கூடியதே. உலகத்தின் பெரும்பகுதி ராம் சிப்பை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் அவர்களிடம் மொத்தக் கொள்முதலில் இறங்கிவிட்டன. மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கு விற்கும் தன் குரூஷியல் வியாபாரத்தையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய பார்ட்டி வந்தால் சின்ன வாடிக்கையாளரை ஓரம் கட்டுவது எங்கும் நடக்கிறது. நாம் செய்யக்கூடியது, 32 ஜி.பி. என்று ஆசைப்படாமல் 16-ல் நிற்பது. அதையும் ஒரே 16-ஆக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்க வேண்டும். கிட்டங்கிக்கு இரண்டு கதவு இருந்தால் சரக்கு சீக்கிரம் இறங்குவது போல, இரண்டு ராம் இருந்தால் தகவல் இரண்டு வழியாகப் போகும். கார்டு இல்லாத செட்டுக்கு இது மிக முக்கியம். டி.டி.ஆர்.4 ராம் டி.டி.ஆர்.5 மதர்போர்டில் பொருந்தாது என்பதால் இரண்டையும் ஒரே கடையில் சேர்த்து வாங்குவதே நல்லது.

திரைக்கு அவசரமில்லை. ஹாலில் இருக்கும் டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. ஒயர் குத்தி ஆறு மாதம் ஓட்டலாம். பின்னால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால், விண்டோஸில் அந்த 144-ஐ நாம் தேர்ந்தெடுத்தால்தான் வரும். பலர் பார்க்காமலே 60-ல் ஓட்டுகிறார்கள். ஒயரையும் மதர்போர்டில் அல்ல, கார்டில்தான் குத்த வேண்டும்.

இனி பில். இந்தச் சரக்குகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பில் இல்லையென்றால் வாரன்டிக்கு நம் கையில் ஆதாரம் இல்லை. இன்னொரு பக்கம், கடை பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரியை எடுத்துக் கொள்ளலாமே என்று நம்மில் சிலர் யோசிக்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று 2017-ஆம் வருட மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டு போட்ட பில்லைத் தணிக்கையில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளை பெயரில் போடுங்கள். கடை பில்லிங் கம்ப்யூட்டரிலேயே விளையாட்டை ஏற்றுகிற யோசனையும் வேண்டாம். எங்கிருந்தோ இறக்கிய திருட்டு விளையாட்டோடு வைரஸ் வந்தால் பற்று வரவு முழுக்கப் போய்விடும்.

எங்கே வாங்குவது? இணையத்தில் நூறு இருநூறு குறைவாக இருக்கலாம். விலையை அங்கே பார்த்துவிட்டு ரிச்சி தெருக் கடையில் போய் அதே விலைக்குக் கேட்கும் வாடிக்கையாளரைப் பற்றி, நம் மளிகைக் கடையில் உட்கார்ந்து நாமே புலம்புகிறோம் அல்லவா? அந்தச் சின்னக் கடைக்காரரும் நம்மைப் போல வாடகை, கரண்ட் பில் கட்டுபவர்தான். கண்முன்னே பூட்டி, ஓட்டிக் காட்டி, பழுது வந்தால் முகம் கொடுத்துப் பேசுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுக்கலாம். அதற்காக, ரகத்தை மாற்றி வைப்பவரை வியாபாரி என்பதற்காகத் தாங்கிப் பேச வேண்டியதில்லை. அவரால் தெரு முழுக்கவும் பெயர் கெடுகிறது.

இந்தக் கொள்முதலைப் பிள்ளையிடமே விடுங்கள் என்று கேட்டுக் கொள்கிறேன், மகனானாலும் மகளானாலும். தொகை இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். ஏழு சரக்குக்கும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, எதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வரட்டும். கல்லாவில் உட்கார வரமாட்டேன் என்கிற பிள்ளை, ராம் விலை போன வாரம் என்ன, இந்த வாரம் என்ன என்று நம்மிடம் வந்து சொல்லும். மிச்சம் பிடித்தால் அது அவர்களுக்கே. பணம் கொடுக்கும் நாளில் மட்டும் கூடப் போய், ஒவ்வொரு அட்டைப் பெட்டியின் சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டைப் பெட்டிகளை வாரன்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடச் சொல்லி வீட்டில் நச்சரிப்பார்கள், கேட்காதீர்கள்.