இணையவழிக் கல்வி சிக்கனத் திட்டமல்ல

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ‘ஸ்வயம்’ இணையதளம் வழியே மாணவர்கள் படிக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. 2016இல் இவ்வரம்பு 20 சதவீதம். ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளில், பற்றாக்குறையை மூடிமறைக்கும் திரையாக இது மாறும் அபாயம் உள்ளது.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம் மட்டுமே. இணைய வசதி பெற்றிருந்தவை சுமார் 15 சதவீதம். அதன்பின் கைப்பேசி பரவியிருப்பது உண்மை. ஆனால், ஒரே கைப்பேசியை நால்வர் பகிரும் வீடு வகுப்பறை ஆகிவிடாது.

தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தொழிலாளிக்கு அது உதவும். ஆனால், காணொலியைப் பதிவேற்றுவதுடன் பாடம் முடிந்துவிடுவதில்லை. தாய்மொழியில் பாடநூல், ஐயம் தீர்க்கும் ஆசிரியர், விடைகளைத் திருத்திப் பிழை சுட்டும் ஏற்பாடு, ஆய்வகம் ஆகிய அனைத்தும் வேண்டும்; அதற்கு அரசு நிதி வேண்டும். நிதி சுருங்கும் இடத்தில் வணிகம் நுழைகிறது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களுடன் உரிம ஒப்பந்த அடிப்படையில் பட்டப்படிப்புகளை நடத்தக்கூடாது என்று 2022 ஜனவரியில் மானியக் குழுவே எச்சரிக்க நேர்ந்தது.

காலிப் பணியிடங்களை இடஒதுக்கீட்டின்படி நிரப்ப வேண்டும். இணையவழிப் பாடம் ஆசிரியருக்குத் துணையாகவே இருக்க வேண்டும். இக்கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர் அமைப்புகளோடு இணைந்து மக்களிடம் கொண்டுசெல்வோம்.