நின்றுபோன கணிப்பொறியை உடனே அணைக்காதீர்கள்!

பள்ளிக் கணிப்பொறி அறையில் நீங்கள் இதைப் பார்த்திருக்கலாம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று உறைந்துவிடும். திரை முழுவதும் எண்களும் எழுத்துகளுமாக ஏதோ வரிகள் தோன்றும். யாராவது ஒருவர் ஓடிவந்து சுவிட்சை அணைத்து மறுபடி போடுவார். இயந்திரம் எழுந்துகொள்ளும். "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் கலைந்து போவார்கள். எது கெட்டது, எது சரியாயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் அழகல்ல என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கணிப்பொறியில் பல நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. அவற்றுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு ஆகியவற்றை ஆள்வது இயக்க அமைப்பின் நடுப்பகுதி. இதைக் கெர்னல் என்பார்கள். சாதாரண நிரல் ஒன்று தவறு செய்தால் கெர்னல் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றிவிடும். ஆனால் கெர்னலே தவறு செய்தால்? அதைக் கண்டிக்க அதற்கு மேலே எவரும் இல்லை. இயந்திரம் முழுவதும் நின்றுவிடும். இந்த நிலைக்குக் 'கெர்னல் பானிக்' என்று பெயர். பானிக் என்றால் பீதி, பொருத்தமான பெயர்தான்!

லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளில் வலையமைப்பு வேலையின் பெரும்பகுதி கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது. வேகத்துக்காக அப்படி அமைத்தார்கள். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வலையமைப்பில் வரும் தகவல் பொட்டலங்களைக் கட்டி அனுப்புகிறவர் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர். தெருவில் வந்த தபாலை வாசலில் சோதிக்காமல் வீட்டின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து பிரிப்பது போன்றது இது.

2019 ஜூன் 17 அன்று வெளியான ஒரு செய்தியைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜொனாதன் லூனி என்பவர் லினக்ஸ் கெர்னலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். சில குறிப்பிட்ட பொட்டலங்களை வரிசையாக அனுப்பினால், தொலைவில் உள்ள கணிப்பொறியை அப்படியே நிறுத்திவிடலாம். இதற்குச் 'சாக் பானிக்' என்று பெயரிட்டார்கள்.

நடந்தது என்ன? ஒரு பெரிய செய்தியைக் கணிப்பொறி துண்டு துண்டாக்கி அனுப்புகிறது. பெறுகின்ற கணிப்பொறி, "ஆறாவது துண்டு வரவில்லை, ஏழும் எட்டும் வந்துவிட்டன" என்று பதில் சொல்லலாம். இந்த வகைப் பதிலைத்தான் சாக் என்கிறார்கள். பதில் வந்ததும், போய்ச் சேர்ந்த துண்டுகளை அனுப்பியவர் பக்கத்துக் கெர்னல் ஒரே பைக்குள் சேர்த்துவைக்கும். அந்தப் பைக்கு 17 அறைகள். நாம் வழக்கமாகக் காணும் கணிப்பொறிகளில் ஓர் அறைக்கு 32 கிலோபைட் வரை கொள்ளும். துண்டு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதை எதிர்முனைக் கணிப்பொறி கேட்டுப் பெறலாம். மிகக் குறைந்த அளவு 48 பைட். அதில் 40 பைட் வரை தலைப்புக் குறிப்புகளுக்கே போய்விடக்கூடும். செய்திக்கு மிஞ்சுவது 8 பைட்!

இப்போது பென்சிலை எடுங்கள். 17 அறைகள், ஒவ்வொன்றிலும் 32,768 பைட், ஒரு துண்டுக்கு 8 பைட். மொத்தம் எத்தனை துண்டுகள்? 69,632. ஆனால் துண்டுகளின் எண்ணிக்கையைக் குறித்துவைக்கக் கெர்னலில் ஒதுக்கிய இடம் 16 பிட்தான். அதில் 65,535 வரைதான் எழுத முடியும். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி 99,999-க்குப் பின் சுழிக்குத் திரும்புகிறதல்லவா? அதுபோல, 69,632 என்பது அங்கே 4,096 என்று பதிவாகும். பையில் இருப்பதாகக் கணக்கில் உள்ளதைவிட அதிகமான துண்டுகளை வெளியே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. இது நடக்கவே முடியாதது என்று கெர்னலில் ஒரு சோதனை எழுதப்பட்டிருந்தது. அது நடந்தவுடன் கெர்னல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

2009-இல் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு முதல் இந்தப் பிழை உள்ளே இருந்தது. பத்து ஆண்டுகள்! பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்குத்தான்.

இயந்திரம் நிற்கும்போது திரையில் தோன்றும் அந்தப் புரியாத வரிகளின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. எந்தச் சோதனை தவறியது, அது எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற விவரமெல்லாம் அங்கே இருக்கிறது. பல பிழைச் செய்திகள் அடுக்காக வந்தால் முதலாவதைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நிரலில் கோளாறு இருக்கலாம். முறைக்கு ஓர் இடத்தில் நின்றால் நினைவகச் சில்லைச் சந்தேகியுங்கள். பழைய பதிப்பு நன்றாக ஓடிப் புதியது நிற்கிறதா? இடையே 1,000 மாற்றங்கள் நடந்திருந்தாலும் சரி, நடுவில் உள்ள பதிப்பை ஓட்டிப் பார்த்து, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். சுவிட்சை அணைத்தவருக்கு இவற்றில் பல வழிகள் அடைபட்டுவிடுகின்றன.

"சீட்டு வாங்க வரிசையில் நூறு பேர் நிற்கும்போது தடயம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே, கெர்னலை நிறுத்திவிடும் சோதனைகளை விரும்பாதவர். எச்சரிக்கையை எழுதிவிட்டு இயந்திரம் தொடர்ந்து ஓடட்டும் என்பது அவர் கட்சி. நின்றுபோன இயந்திரத்தால் தன் கடைசிச் செய்தியை வட்டில் எழுத முடியாமலே போகலாம் அல்லவா? அதில் உண்மை உண்டு. ஆயினும், கணக்கு தவறிய பிறகும் ஓடுகின்ற இயந்திரம் வட்டில் எதை எழுதும் என்ற அச்சம் எனக்குத் தீரவில்லை.

இந்த வழக்குக்கு லினக்ஸிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'கேடம்ப்' என்று பெயர். நினைவகத்தின் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றை முன்கூட்டியே ஏற்றிவைப்பார்கள். முதல் கெர்னல் நின்றதும் இது விழித்துக்கொண்டு, இறந்தவரின் நினைவகத்தை அப்படியே வட்டில் நகலெடுக்கும். பிறகு இயந்திரத்தை மறுபடி தொடங்கிவைக்கும். வரிசையில் நிற்பவர்கள் சிறிது நேரம்தான் காத்திருக்க வேண்டும்; தடயமும் பத்திரமாக இருக்கும். உங்கள் பள்ளிக் கணிப்பொறிகள் லினக்ஸில் ஓடுபவையானால், இந்த ஏற்பாடு அவற்றில் செய்யப்பட்டிருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை இயந்திரம் உறையும்போது சுவிட்சுக்குக் கை போகும் முன் அந்தத் திரையை ஒரு புகைப்படமாவது எடுத்துவையுங்கள்.