கூரை இடுமுன்

இங்கிலாந்தில் 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பவிருந்த வேளையில், 100க்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை முழுமையாகவோ பகுதியாகவோ மூடுமாறு அரசு அறிவித்தது. காரணம், கூரைகளில் பதிக்கப்பட்டிருந்த ஒருவகை இலேசான கான்கிரீட் பலகை. காற்றுக் குமிழ்கள் நிறைந்த இப்பலகை 1950களில் அந்நாட்டில் பரவத் தொடங்கியபோது பெரிதும் வரவேற்கப்பட்டது. விலை மலிவு, தூக்கி வைப்பது எளிது. ஆயின் மழைநீர் கசிந்து இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறும். வெளியே அடையாளம் ஏதும் தெரியுமுன்னரே பலகை முறியவும் கூடும். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் அத்தகைய கூரை விழுந்தது. வார விடுமுறை நாளாதலால் பிள்ளைகள் தப்பினர்.

நம் பங்குகளிலும் பள்ளி வகுப்பறை, சமூகக் கூடம், கெபி எனக் கட்டட வேலைகள் நடந்த வண்ணமே உள்ளன. ஏழைகளின் காணிக்கையால் எழும்பும் சுவர்கள் அவை. புதிய முறைகளோ ஒவ்வொன்றாய் வாயிலில் வந்து நிற்கின்றன. பெங்களூரில் இயந்திரத்தால் அச்சிட்டு எழுப்பிய அஞ்சலகம் ஒன்று 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, சென்னை ஐ.ஐ.டி. அதற்குத் தொழில்நுட்பத் துணை நின்றது. இத்தகைய முறைகளை ஏற்குமுன் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சோதித்துவிட்டோம் என்று கூறுவோரையும் இனி நாம் சந்திப்போம்.

அச்சோதனை வீண் அன்று. சிமெண்டு, மணல், ஜல்லி, நீர், சாம்பல் முதலியவற்றின் அளவையும் கலவையின் வயதையும் கொடுத்தால் கான்கிரீட்டின் வலிமையைக் கணினியே கணித்துக் கூறும் முறையைத் தைவான் அறிஞர் யே 1998இலேயே வெளியிட்டார். ஆயிரம் கலவைகளை வார்த்து உடைத்துப் பார்க்கும் செலவை இது பெரிதும் குறைக்கும். அவர் தொகுத்தளித்த பட்டியலில் 1030 மாதிரிகள் உள்ளன. ஆய்வாளர் பலர் இன்றும் அதைக் கொண்டே இயந்திரங்களைப் பயிற்றுகின்றனர். ஆனால் அப்பட்டியலில் மிக முதிர்ந்த மாதிரியின் வயது 365 நாள். அதில் மட்டும் பயின்ற இயந்திரம் 30 மழைக்காலம் கண்ட கூரையைப் பற்றி ஒன்றும் அறியாது. ஆயினும் கேட்டால் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். ஒப்பந்தக்காரரும் அப்படித்தானே என்பீர்கள். அவரையாவது வீடு தேடிச் சென்று கேட்கலாம்!

ஆகவே கட்டடக் குழுவினர் கேட்க வேண்டியவை உண்டு. அந்த இயந்திரம் எத்தனை ஆண்டு நின்ற கட்டடங்களைப் பார்த்துக் கற்றது? கடலோர உப்புக் காற்று அதன் கணக்கில் உள்ளதா? மாதிரிப் பலகை ஒன்றை நனைத்து, பாரமேற்றிப் பார்த்தனரா? யாவற்றுக்கும் மேலாக, எந்தப் பொறியாளர் கையொப்பமிடுகிறார்? வத்திக்கான் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஏடும் பொறுப்பை மனிதனிடமே வைக்கிறது.

கூரைக்கு இட்ட பொருளின் பெயரையும் ஆண்டையும் பங்குப் பதிவேட்டில் எழுதி வைப்பதும் நலம். எந்தக் கூரையில் அந்தப் பலகை உள்ளதென்று அறியவே இங்கிலாந்து அரசு 2022இல் பள்ளிகளுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்ப நேர்ந்தது.